குள்ளர் வீட்டுக்கு இருநூறு மீட்டர்

ஈச்சங்காடு ஊராட்சிக்குச் செயலராக வந்தபோது கிருபாவதியின் மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அந்த மகள் ஜெனிலா இப்போது வேலூரில் நர்சிங் படிக்கிறாள். இதற்கிடையில் ஊராட்சித் தலைவர்கள் மாறினார்கள், வட்டார அலுவலகத்தில் அதிகாரிகள் மாறினார்கள், கிருபாவதியின் ஸ்கூட்டரும் இரண்டு தடவை மாறிவிட்டது. அவள் மட்டும் அதே நாற்காலியில் இருந்தாள். கீழே எங்காவது ஒரு ஊருக்கு மாற்றல் கேட்டுப் போகும்போதெல்லாம், "மலைக்கு வேற யாரும் வர மாட்டேங்கறாங்கம்மா. உங்களுக்குத்தான் பழகிடுச்சே" என்று சொல்லி அனுப்பினார்கள். பழகிவிட்டது உண்மைதான். முழங்கால் மட்டும் பழகவில்லை.

வீடு ஆலங்காயத்தில். கணவர் பிலிப்ராஜ் பஸ் நிலையத்துக்குப் பின்னால் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். காலையில் சோறு வடித்து, அவருக்கு ஒரு டப்பாவும் தனக்கு ஒரு டப்பாவும் கட்டிவிட்டு அவள் மலையேறுவாள். காவலூர் வரை சாலை நன்றாக இருக்கும். அதற்கப்புறம் ஈச்சங்காடு வரை தாரும் மண்ணும் மாறி மாறி வரும். ஊரில் அவளைச் செயலர் என்று யாரும் சொன்னதில்லை. கிளார்க்கம்மாதான். தண்ணீர்த் தொட்டியில் குளோரின் போடுவது, தெருவிளக்கு எரியாவிட்டால் திட்டு வாங்குவது, நூறு நாள் வேலைக்கு வருகை எடுப்பது, வீடு கட்டுகிறவர்களுக்கு அனுமதிக் கடிதம் கொடுப்பது எல்லாம் கிளார்க்கம்மாவின் வேலை. மேலிருந்து எது வந்தாலும் அவள் தலையில் இறங்கும். கீழிருந்து எது கிளம்பினாலும் அவள் காதில் ஏறும்.

அந்த ஊரின் சரிவுகளில், சாமைக் கொல்லைகளுக்கு நடுவே, பலகைக் கற்களால் ஆன சிறிய கல்வீடுகள் இருந்தன. மூன்று பக்கமும் செங்குத்தாகக் கல் நிறுத்தி, மேலே ஒரு பெரிய பலகையை மூடியிருப்பார்கள். உயரம் இடுப்பளவுதான். ஆய்வாளர்கள் அவற்றைக் கல்திட்டை என்கிறார்கள். இரும்புக்காலத்து மனிதர்கள் செத்தவர்களுக்காக எழுப்பியவை என்கிறார்கள். ஊரில் அதற்குக் குள்ளர் வீடு என்று பெயர். ஒரு காலத்தில் சாண் உயர மனிதர்கள் அதில் குடியிருந்தார்களாம். மழை வந்தால் இப்போது ஆடுகள் ஒதுங்கும். யாரும் அவற்றைக் கும்பிட்டதில்லை. ஏர் ஓட்டுகிறவர்கள் சுற்றிக்கொண்டு ஓட்டுவார்கள். யாரும் உடைத்ததும் இல்லை.

பக்கத்து ஊராட்சியில்தான் முதலில் உடைந்தது. சுற்றுலாக்காரர்களுக்கு விடுதி கட்ட வந்த ஒரு வெளியூர் ஆள், ஜேசிபி வைத்துச் சரிவைச் சமப்படுத்தினார். கல்வீடுகள் இருந்த மேடு ஒரே பகலில் ஓடைக்குள் போனது. அதை ஒரு கல்லூரி ஆசிரியர் படம் எடுத்துப் போட, பத்திரிகையில் வந்தது, வழக்குப் போட்டார்கள். பிறகு மேலிருந்து உத்தரவு வந்தது. மலை ஊராட்சிகளில் பழங்காலக் கல் சின்னம் இருக்கும் இடத்திலிருந்து இருநூறு மீட்டருக்குள் புதிதாக எதைக் கட்டினாலும் மாவட்டப் பாரம்பரியக் குழுவின் சம்மதம் வேண்டும். எங்கெங்கே கல் இருக்கிறது என்று ஊராட்சிச் செயலர்கள் கண்டு, படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

படித்தபோது கிருபாவதிக்கு நல்ல உத்தரவாகத்தான் தோன்றியது. அந்த மேட்டை அவளும் பார்த்திருந்தாள். ஓடையில் கிடந்த பலகைக் கற்களில் ஜேசிபியின் பல் பட்ட தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

கல்லைத் தேடிப் போக ஆள் வேண்டியிருந்தது. வந்தவர் சக்கரவர்த்தி. சாமையும் கேழ்வரகும் போடுகிற மலைக்காரர், நாலைந்து புளியமரம் உண்டு. அவருக்கு அந்த வருஷம்தான் அரசு வீட்டுத் திட்டத்தில் வீடு அனுமதியாகியிருந்தது. இருந்த மண் வீட்டை இடித்துவிட்டு, அதே இடத்தில் அடித்தளம் தோண்டிக்கொண்டிருந்தார். அவரும் மனைவி ராணியம்மாளும் கொல்லையோரம் தார்ப்பாய் கட்டித் தங்கியிருந்தார்கள். கடப்பாரையை வைத்துவிட்டு அவர் கிருபாவதியோடு நடந்தார்.

புளி உலுக்குகிற காலம் அது. போகிற வழியெல்லாம் மரத்தடியில் பெண்கள் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாங்க கிளார்க்கம்மா, குள்ளனுங்ககிட்டயும் வூட்டு வரி போடப் போறீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அவங்களாவது ஒழுங்கா கட்டுவாங்க" என்றாள் கிருபாவதி.

சக்கரவர்த்தி புதருக்குள் நுழைந்து, கிளைகளை ஒதுக்கிப் பிடித்து, ஒவ்வொன்றாகக் காட்டினார். அவள் அத்தனை வருஷம் வந்துபோன பாதைக்குப் பக்கத்திலேயே அவள் பார்க்காத கற்கள் இருந்தன. அவருடைய கொல்லையிலும் இருந்தன. தோண்டிய அடித்தளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒன்று, மூடு பலகை உடையாமல், முழுசாக நின்றது. அதைக் காட்டும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

"இத்த மட்டும் நல்லா எடுங்க. எங்கப்பாரு இதும்மேல குந்திக்கினுதான் காவல் காப்பாரு."

அவள் நான்கு பக்கத்திலிருந்தும் எடுத்தாள். பிறகு அடித்தளத்தைத் திரும்பிப் பார்த்தாள். "உங்க வூட்டுக்கு இதனால ஒண்ணும் வராது. உங்களுக்கு அனுமதி முன்னாடியே வந்துடுச்சு" என்றாள். அவர் கேட்கவே இல்லை. அவளாகச் சொன்னாள். உண்மையென்று நம்பித்தான் சொன்னாள்.

சித்திரை பிறப்பதற்குள் பதில் வந்தது. பட்டியலில் உள்ள கற்களுக்கு இருநூறு மீட்டருக்குள், தரைமட்டத்துக்கு மேல் எழும்பாத கட்டுமானம் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். முன்பே அனுமதி பெற்றிருந்தாலும் குழுவின் சம்மதம் வேண்டும். ஈச்சங்காட்டில் அப்படி நின்ற வேலைகளில் முதல் பெயர் சக்கரவர்த்தி.

அவள் நேரில் போய்ச் சொன்னாள். அவர் கருங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துன்னா, எத்தினி நாளைக்கு?"

"குழு கூடணும். அவங்க வந்து பாக்கணும்."

"எப்பக் கூடுவாங்க?"

"தெரியலைங்க."

ராணியம்மாள் தார்ப்பாய்க்குள்ளிருந்து வெளியே வந்தாள். "அந்தக் கல்ல இவருதானம்மா உங்களுக்குக் காட்னாரு?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. சரியாகத்தான் கேட்டோமா என்று தெரிந்துகொள்கிற மாதிரி கேட்டாள். சக்கரவர்த்தி, "வுடு" என்று மட்டும் சொன்னார். கையிலிருந்த கல்லை இனி எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார்.

குழு கூடவில்லை. தலைவராக இருக்க வேண்டிய அதிகாரிக்கு மாற்றலாகிவிட்டது. புதியவர் வந்தபோது தேர்தல் வேலை வந்தது. தொல்லியல் துறையிலிருந்து வர வேண்டியவருக்கு மூன்று மாவட்டங்களாம். கிருபாவதி ஒவ்வொரு வாரமும் வட்டார அலுவலகத்தில் கேட்டாள். முதலில் பதில் சொன்னார்கள். பிறகு அவளைப் பார்த்ததும், "வந்துட்டாங்கப்பா, கல்லம்மா" என்று சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

ஐப்பசி மழை வந்தது. தார்ப்பாயைச் சுற்றிச் சக்கரவர்த்தி வாய்க்கால் வெட்டினார். தோண்டிய அடித்தளத்தில் தண்ணீர் நின்று தவளை கத்தியது. ராணியம்மாளுக்குச் சளி நெஞ்சில் இறங்கி, கீழே கொண்டுபோய்ப் பத்து நாள் வைத்திருந்தார்கள். கிருபாவதி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தாள். ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிப் போனாள். ராணியம்மாள் எழுந்து உட்கார்ந்து பேசினாள், ஊர்க் கதை, ஆட்டுக் கதை. வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அன்று பஸ்ஸில் திரும்பும்போது கிருபாவதிக்குத் தோன்றியது.

ஊர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. கல்லைக் காட்டினவனுக்கு என்ன கிடைத்தது என்று ஒருவரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்த தடவை அவள் பட்டியலில் விட்டுப்போனவை உண்டா என்று கேட்டுக்கொண்டு போனபோது, யாருக்கும் எதுவும் தெரியவில்லை. "எங்க கொல்லையில ஏதுங்க கல்லு?" என்றார்கள். சில இடங்களில் அது உண்மையாகவும் மாறத் தொடங்கியிருந்தது. ஓடைக்குக் குறுக்கே ஒரு புதுப் பலகை கிடந்தது. ஒரு வீட்டில் துணி துவைக்கிற கல் புதிதாக, அகலமாக இருந்தது. விடுதிக்காரருக்கு ஜேசிபி தேவைப்பட்டது. இவர்களுக்குக் கடப்பாரையும் பக்கத்துக் கொல்லைக்காரனும் போதும். கற்களைக் காக்க வந்த உத்தரவு, அதுவரை அவற்றைச் சுற்றிக்கொண்டு ஏர் ஓட்டியவர்களையே உடைக்கவைத்தது. இதை அவள் வாய்மொழியாக மேலே சொன்னாள். "எழுத்துல குடுங்க, பாப்போம்" என்றார்கள். எழுத்தில் கொடுத்தாள். பார்த்தார்களா என்று தெரியவில்லை.

தை மாதத்தில் ராஜாக்கண்ணுவுக்கு வீடு அனுமதியானது. ராஜாக்கண்ணு ராணியம்மாளின் தம்பி. இரண்டு குழந்தைகள். மரம் வெட்டப் போய், கட்டிட வேலைக்குப் போய், ஒரு வழியாக ஊரில் தங்கிவிட முடிவு செய்திருந்தான். இடத்தைப் பார்த்துக் கல் எதுவும் இல்லை என்று கிருபாவதி சான்று கொடுத்தால் வேலை தொடங்கலாம். அவனுடைய கொல்லை பட்டியலில் இல்லை. சக்கரவர்த்தியும் அவளும் அந்தப் பக்கம் போன அன்று வேலி அடைத்திருந்ததால் உள்ளே போகாமல் வந்துவிட்டார்கள்.

அவள் போனபோது கொல்லை சுத்தமாக உழுதிருந்தது. ஆனால் ஒரு மூலையில் மண்ணின் நிறம் வேறாக இருந்தது. செம்மண்ணுக்கு நடுவே கருப்பாக, ஈரமாக, ஒரு சதுரம். அதன் ஓரத்தில் சின்னச் சின்ன ஓடுகள் சிதறியிருந்தன. உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. வேலிக்கு அந்தப் பக்கம், புதிதாக உடைத்த பலகைக் கற்களை அடித்தளத்துக்கென்று அடுக்கி, மேலே வைக்கோல் போட்டிருந்தான்.

"ராஜாக்கண்ணு, இங்க ஒண்ணு இருந்துச்சா?"

"இல்லீங்க."

"இது இன்னா?"

அவன் வைக்கோலைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "கிளார்க்கம்மா, இப்பப் பாருங்க. கல்லு கீதா? இல்லயில்ல? இல்லன்னுதான எழுதணும். நீங்க இன்னா பொய்யா எழுதப் போறீங்க?"

அவள் குனிந்து ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்தாள்.

"எங்க மாமா காட்னாரு. எங்கக்கா ஆஸ்பத்திரில படுத்துச்சு. நானும் அப்டியே காட்டட்டுங்களா?"

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் சமைக்கவில்லை. பிலிப்ராஜ் பட்டறையிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டு, கடையில் தோசை வாங்கி வந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"இல்லன்னு எழுதிக் குடுத்துடு" என்றார். "உடஞ்ச கல்லு ஒட்டப் போறதில்ல. அவனுக்காவது வூடு வரட்டும்."

"நானும் அதான் யோசிச்சேன்."

"அப்புறம் இன்னா?"

"இவனுக்கு எழுதிட்டா, நாளைக்கு ஊர்ல ஒரு கல்லு நிக்காது. ஒடச்சா கிளார்க்கம்மா எழுதிக் குடுக்கும்னு ஆயிடும்."

பிலிப்ராஜ் தோசையைப் பிட்டுக்கொண்டே, "இருந்துச்சுன்னு எழுதினா அந்த ஊர்ல உன்னால தலை காட்ட முடியாது" என்றார். மிரட்டவில்லை. தெரிந்ததைச் சொன்னார்.

மறுநாள் அவள் கண்டதைக் கண்டபடி எழுதினாள். இந்த இடத்தில் கல்திட்டை இருந்தது, சமீபத்தில் அகற்றப்பட்டிருக்கிறது, மண்ணுக்குள் பானை ஓடுகள் இருக்கின்றன, கல் போனாலும் இது இன்னும் பாரம்பரிய இடம்தான். ஒரு வரி கூடுதலாகவும் எழுதினாள்: முன்பு கல்லைக் காட்டிய ஒருவருக்கு நேர்ந்ததைப் பார்த்த அச்சத்தில் இது நடந்திருக்கிறது, தண்டிக்க வேண்டாம். அந்த வரியை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ராஜாக்கண்ணுவின் அனுமதி ரத்தானது. போலீஸ் வந்து அவனைக் கூட்டிப்போய்ப் பகல் முழுக்க உட்காரவைத்து அனுப்பினார்கள். வழக்கு என்று ஒன்று பதிவானது.

பிலிப்ராஜ் சொன்னபடிதான் ஆயிற்று. புளியமரத்தடியில் கேலி பேசுகிறவர்கள் அவள் வண்டிச் சத்தம் கேட்டதும் குனிந்துகொண்டார்கள். நூறு நாள் வேலைக்கு வருகை எடுக்கும்போது பெயரைக் கூப்பிட்டால் பதில் வராது, கை மட்டும் உயரும். ராணியம்மாளுக்கு ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் தன்னை ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவள். அவள் ஊராட்சி அலுவலகத்து வழியாக வருவதையே நிறுத்திவிட்டாள். கிருபாவதி மறுபடியும் மாற்றலுக்கு எழுதினாள். மறுபடியும் அதே பதில்.

ஆடியில் ஆலங்காயத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள். இருநூறு மீட்டர் விதியை மாற்றப் போகிறார்களாம். நாற்காலிகள் நிறைந்திருந்தன. முன்வரிசையில் மலையில் நிலம் வாங்கிய வெளியூர்க்காரர்கள், மனை வியாபாரிகள். மலைக்காரர்கள் பின்னால், சுவரோரம். நகர ஊரமைப்புத் துறையிலிருந்து வந்த அதிகாரி கோகிலவாணி மேடையில் புதிய வரைவைப் படித்தார். இருநூறு மீட்டர் வட்டம் போகும். கட்டுகிறவர் தன் நிலத்தில் பழங்காலச் சின்னம் எதுவும் இல்லை என்று தானே உறுதி சொல்லிக் கையெழுத்திட்டால் போதும். குறிப்பிட்ட நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் அனுமதி கிடைத்ததாக எடுத்துக்கொள்ளலாம்.

முன்வரிசை கைதட்டியது. பின்னால் சிலர், அவர்களும் தட்டினார்கள். அதில் ராஜாக்கண்ணுவும் இருந்தான்.

கிருபாவதி நாற்காலி போடவும் தண்ணீர் வைக்கவும் வந்தவர்களில் ஒருத்தி. அரசு ஊழியர்கள் கருத்துச் சொல்ல வேண்டியதில்லை என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். அவள் எழுந்தது யோசித்து எழுந்ததல்ல. மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"வணக்கங்க. நான் ஈச்சங்காடு செயலர். கல் இல்லன்னு எழுதிக் குடுத்தா போதும்னா, அந்த மேட்டை வழிச்சாரே ஒருத்தர், அவரும் எழுதித்தான் குடுத்திருப்பாருங்க." முன்வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்தார். அவளுக்கு அடுத்து சொல்ல வந்தது மறந்துபோனது. "எங்க ஊர்ல கல்லை காட்னவரு வூடு இல்லாம இருக்காரு. அதப் பாத்து எல்லாரும்... ஒடச்சுட்டாங்க. நான் அவங்களைத் தப்பு சொல்லல. எந்த விதி போட்டாலும், காட்னவனுக்கு நஷ்டம் வராத மாதிரி போடுங்க. அவ்ளோதாங்க." இன்னும் சொல்ல நிறைய இருந்தது. சிறிய வீடு, பெரிய விடுதி, இயந்திரம், ஆள் வந்து பார்ப்பது என்று மனசுக்குள் வரிசையாக வைத்திருந்தாள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு உட்கார்ந்தாள். யாரும் கைதட்டவில்லை.

கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது கோகிலவாணி தேடிக்கொண்டு வந்தார். நடுவயது. காலையிலிருந்து நின்று பேசியதில் குரல் கம்மியிருந்தது. காலியான வரிசையில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"நீங்க சொன்னது எனக்கும் தெரியும்மா" என்றார். "முதல் வரைவுல, ஒவ்வொரு இடத்துக்கும் ஆள் போய்ப் பாக்கணும்னு நானேதான் எழுதினேன். தொல்லியல்ல ஆள் எங்க? மூணு மாவட்டத்துக்கு ஒருத்தர். அவர் வர்ற வரைக்கும் வீடு நிக்கும், அதைத்தான் நீங்களும் தப்புன்னு சொல்றீங்க. ஆள் வராமலே விடலாம்னா, அதுவும் தப்புன்னு சொல்றீங்க. நான் எதை எழுதட்டும்?"

"தெரியலைங்க மேடம்" என்றாள். பிறகு, "வந்து ஒரு தடவை பாருங்க" என்றாள்.

அடுத்த வாரம் வட்டார அலுவலகத்திலிருந்து, அனுமதியின்றிப் பொதுக்கூட்டத்தில் பேசியதற்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அதற்கடுத்த வாரம் கோகிலவாணி ஜீப்பில் ஈச்சங்காட்டுக்கு வந்தார்.

கிருபாவதி சக்கரவர்த்தியிடம் ஓடினாள். அவர் தார்ப்பாய்க்கு முன்னால் கேழ்வரகு நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பெரிய ஆபீசர் வந்திருக்காங்க. கல்லெல்லாம் பாக்கணுமாம். கூட வர்றீங்களா?"

அவர் சொம்பைக் கீழே வைக்கவில்லை. "நான் வரலீங்க" என்றார். "நீங்களே காட்டுங்க. உங்களுக்குத் தெரியுமே."

அவரை வற்புறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. அன்றைக்குப் புதர்களை அவளே ஒதுக்கிப் பிடித்தாள். போன வருஷம் படம் எடுத்த இடங்களில் சிலவற்றில் கல் இல்லை. கோகிலவாணி ஒவ்வொரு வெற்றிடத்திலும் நின்று, கையிலிருந்த படத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பும்போது தார்ப்பாயையும் தண்ணீர் தேங்கிய அடித்தளத்தையும் அந்த முழுக் கல்வீட்டையும் ஒரே பார்வையில் பார்க்க முடிகிற இடத்தில் நின்றார். ராணியம்மாள் வெளியே வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"இந்த ஆள்தான் காட்டினாரா?"

"ஆமாங்க."

ஜீப்பில் ஏறும்போது, "என் கையில மட்டும் இல்லம்மா" என்றார்.

அடுத்த தையில் இறுதி விதி வந்தது. முழுக்க நல்லதென்று சொல்ல முடியாது. முன்வரிசைக்காரர்கள் கேட்டதில் பாதி அதில் இருந்தது. சாலைப் பணிகளுக்கு விலக்கு இருந்தது. ஆனால் சொந்தக் குடியிருப்புக்கான சிறிய வீடுகளுக்கு இருநூறு மீட்டர் இல்லை. கல்லிலிருந்து இருபது மீட்டர் தள்ளி, இயந்திரம் வைக்காமல் கையால் தோண்டிக் கட்டலாம். விடுதிக்கும் மனைப்பிரிவுக்கும் கள ஆய்வு இல்லாமல் அனுமதி இல்லை. தன் நிலத்தில் கல் இருக்கிறது என்று தானே தெரிவிப்பவரின் வீட்டுக்கு முன்னுரிமை. கல் அகற்றப்பட்ட இடமும் பாரம்பரிய இடமாகவே கருதப்படும். அங்கே எதைக் கட்டுவதற்கு முன்பும் அகழாய்வு நடக்க வேண்டும். அந்தக் கடைசி வரியைக் கிருபாவதி பல தடவை படித்தாள். அது தன் அறிக்கையிலிருந்து போனதா, அவர்களே எழுதியதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

சக்கரவர்த்தியின் அடித்தளம் இரண்டு மழையில் சரிந்திருந்தது. மறுபடியும் தோண்டினார். கோடை முடிவதற்குள் வீடு எழுந்தது. சிமெண்ட் விலை ஏறியதில் ஒரு அறையைச் சின்னதாக்கிவிட்டார்கள். பால் காய்ச்சும்போது கிருபாவதியும் பிலிப்ராஜும் போனார்கள். பிலிப்ராஜ் ஜன்னல் கம்பிகளைத் தன் பட்டறையிலேயே செய்து கொடுத்திருந்தார். சக்கரவர்த்தி மரியாதையாக வரவேற்றார், சாப்பிடச் சொன்னார். சேமியா பாயசம் நன்றாக இருந்தது. புதிய விதிப்படி பட்டியலை மறுபடி எடுக்க வேண்டுமென்று அவள் பேச்சுவாக்கில் சொன்னாள். அவர், "ஆவட்டுங்க" என்றார். எழுந்து போய் இன்னொரு விருந்தாளிக்கு இலை போட்டார். புதிய விதியில் காட்டுகிறவனுக்கு முன்னுரிமை என்று அவள் ஊர்க்கூட்டத்தில் இரண்டு தடவை படித்துக் காட்டியிருந்தாள். அதுவரை ஒருவரும் வந்து காட்டவில்லை.

வைகாசியில் தொல்லியல்காரர்கள் ராஜாக்கண்ணுவின் கொல்லைக்கு வந்தார்கள். நான்கைந்து மாணவர்களும் அவர்களுக்கு ஆசிரியையான ஒரு ஆய்வாளரும். கயிறு கட்டி, சதுரம் பிரித்து, துடைப்பத்தாலும் கரண்டியாலும் மண்ணை எடுத்தார்கள். கூலிக்கு ஆள் கேட்டபோது ராஜாக்கண்ணுவே வந்தான். அவனுடைய கொல்லை, அந்தப் பருவத்தில் விதைக்கவும் முடியாது. வேலைக்கு வருகை எடுக்கிற பொறுப்பு கிருபாவதியிடம் வந்தது. ஆக, தினமும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்க வேண்டியிருந்தது.

முதல் வாரம் அவன் பெயருக்குக் கை மட்டும்தான் உயர்ந்தது. ஒரு மத்தியானம் எல்லோரும் வேலி நிழலில் சாப்பிட உட்கார்ந்தபோது, குழிக்குள் தெரிந்த ஒரு பானையின் வாய் விளிம்பைப் பார்த்துக்கொண்டே அவன் பேசினான்.

"முழுசா வெளிய வருமாம். அந்த டீச்சர் சொல்லுச்சு."

"அப்டியா."

"கடப்பாரை அதும்மேலயே போட்டிருப்பேன். ஒரு சாண் தள்ளிப் போச்சு." கஞ்சியைக் குடித்தான். "கேசு இன்னா ஆச்சுங்க?"

"எச்சரிக்கையோட முடிச்சுடுவாங்கன்னு சொல்றாங்க. இன்னும் ஆர்டர் வரல."

"வூடு?"

"மேலத் தெருப் பக்கம் வூடு கட்ற நத்தம் நெலம் கொஞ்சம் இருக்கு. அதுல எழுதிப் போட்டிருக்கேன். இந்த வருசப் பட்டியல் முடிஞ்சுடுச்சு. அடுத்த வருசம் பாக்கலாம்னு சொல்றாங்க."

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்னாதான்."

அவன் லேசாகச் சிரித்தான். சிரிப்பென்றும் சொல்ல முடியாது, மூச்சு விட்ட மாதிரி இருந்தது. "ஒரு வேளை அன்னிக்கு நானும் வேலியத் தொறந்து காட்டியிருந்தா?"

கிருபாவதி யோசித்தாள். அவனுக்கு இதமாக ஏதாவது சொல்லிவிடலாம். "அன்னிக்குக் காட்டியிருந்தா நீயும் தார்ப்பாய்லதான் இருந்திருப்ப" என்றாள். "கல்லு ஒண்டி நின்னிருக்கும்."

அவன் பாத்திரத்தைக் கழுவி வேலியில் கவிழ்த்தான். மாணவர்கள் கூப்பிடவே, கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினான். கிருபாவதி டப்பாவை மூடினாள். கீழத் தெருவில் குழாயில் இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள்; மோட்டார்க்காரனைத் தேட வேண்டும். அவள் எழுந்து, வண்டி நின்ற மேட்டை நோக்கி மெதுவாக ஏறினாள்.